எடைக்குத் துணி

வியாழன்தோறும் பொதி பிரிப்பேன்.
குதாயிசியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
ஹாலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரும் பழந்துணி,
கிலோ இருபது லரி.
பட்டுக்கும் அதே விலை, பனியனுக்கும் அதே விலை;
தராசுக்கு ரசனை கிடையாது.

எதெரி தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவள்.
முதல் வருடம் அவள் அள்ளிப்போனதைச் சொன்னால் சிரிப்பீர்கள்:
சிறுத்தைப் புள்ளிப் பாவாடை,
தோளில் பஞ்சு வைத்த ஊதாக் கோட்டு,
ஏதோ கப்பல் கம்பெனியின் பெயர் அச்சடித்த பனியன்,
ஜிகினா ஒட்டிய ஒன்று, அதற்குப் பெயர் எனக்கே தெரியாது.
ஒரு வாரம் நடிகை, மறுவாரம் நர்ஸ்,
அதற்கடுத்த வாரம் இரண்டும் சேர்ந்து.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
அவளிடம் அப்போது ஆடை முக்கால்;
ஆள் இன்னும் பொதியில் வந்து சேரவில்லை.

எப்போது மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.
முதலில் ஜிகினா திரும்பி வந்தது.
"மீட்டர் பெட்டிக்குள் குனிந்தால் குத்துகிறது."
அவ்வளவுதான் காரணம்.
அடுத்து பாவாடைகள்: நாய் துரத்தும்போது ஓட முடியவில்லை.
அடுத்து வெள்ளை எல்லாம்: குழிகளில் சேறு.
ஊதாக் கோட்டுக்கு மட்டும் காரணம் சொல்லவில்லை,
மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கழிந்தது போக மிஞ்சியவை:
ஆண்களுக்கென்று தைத்த, பை ஆழமான கால்சட்டை.
காலர் இல்லாத சட்டை; இருந்தால் வெட்டிவிடுவாள்.
ஈரச் செங்கல்லுக்கும் ஆறிய தேநீருக்கும் நடுவே ஒரு நிறம்.
எதை வாங்கினாலும் பொத்தான்களைப் பிடுங்கிவிட்டு
தன்னிடமுள்ள கறுப்புப் பொத்தான்களைத் தைத்துக்கொள்வாள்.
முழங்கை வரை மூன்று மடிப்பு.
பனி கொட்டினாலும் மூன்று மடிப்பு.

ரியோனிப் பாலத்தில் ஒரு காலை, மூடுபனி.
அந்தப் பக்கம் ஓர் உருவம்; முகம் இல்லை,
நடை கூடப் பிடிபடவில்லை.
"எதெரி!" என்று கூப்பிட்டேன்.
அவள்தான்.

அதற்குப் பிறகு எனக்குத் தலைக்கனம்.
அவளுக்கென்று ஒரு கோட்டை எடுத்து ஒளித்துவைத்தேன்:
அதே நிறம், அதே ஆழப் பை, காலரும் இல்லை.
போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன் நெடுநேரம் நின்றாள்.
"என்னுடையதைப் போல இருக்கிறது, நோதார்,"
ஒரு கையை உருவினாள்.
"என்னுடையதில்லை."
பிறகு, தரை துடைக்க நான் ஒதுக்கியிருந்த குவியலிலிருந்து
முன்திறந்த ஸ்வெட்டர் ஒன்றை இழுத்தாள்.
மஞ்சள். கண்கூசும் மஞ்சள்.
திங்கட்கிழமை பேருந்தில் பார்த்தேன்:
கறுப்புப் பொத்தான்கள், மூன்று மடிப்பு.
அவளைத் தவிர வேறு யாருக்கும் அது
எப்போதும் சொந்தமாய் இருந்திருக்க முடியாது.

நானா?
விற்காததை உடுத்துபவன் நான்.
இன்று யாரோ ஒரு டேனிஷ் கோல்கீப்பர்,
அவர்மேல் எவனோ கல்யாணத்துக்குத் தைத்த வெயிஸ்ட்கோட்டு.
இருபது வருடமாகப் பாதி ஊரை உடுத்திவிட்டவன்.

போன மாதம், துணியைத் தராசில் வைத்தபடி கேட்டாள்:
"உனக்கு எது பிடிக்கும்?"
சில்லறை எண்ணுவதாகப் பாவனை செய்தேன்.
எண்ணியதும் தப்பு. அவளே திருத்தினாள்.

அன்று மாலை மின்சாரம் போயிற்று.
கடையைச் சாத்தாமல், இருட்டில்,
தொங்கும் வரிசைக்குள் கையை விட்டபடி நடந்தேன்.
நைலான். நைலான். ஏதோ வழவழப்பு.
எந்த நாட்டு நாயின் முடியோ.
பிறகு ஒன்று:
விரலடியில் வரிவரியாய்ச் சிறு வாய்க்கால்கள்,
முழங்கையில் மட்டும் தேய்ந்து வழுக்கை.
கை அங்கேயே நின்றுவிட்டது.

எடை என் கைக்கே தெரியும்: அறுநூறு கிராம்.
பன்னிரண்டு லரியைத் தடவி எடுத்துக் கல்லாவில் போட்டேன்.
நிறத்தைக்
காலையில் பார்த்துக்கொள்ளலாம்.